கௌரியைத் தேடினேன்

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

எங்கள் ஊர் திருவாமாத்தூர். விழுப்புரத்திலிருந்து நகரப் பேருந்தில் ஏறினால் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பதற்குள் ஊர் வந்துவிடும். சம்பந்தர், அப்பர், சுந்தரர் என்னும் மூவரும் பாடிய தலம் அது. தெருவின் ஒருபுறம் அபிராமேசுவரர் கோயில். மறுபுறம் அவரை நோக்கியபடி முத்தாம்பிகை கோயில். பக்கத்தில் பம்பையாறு. பொய் சொன்னவர்கள் கை வைக்க அஞ்சும் வட்டப்பாறையும் எங்கள் ஊரில்தான் உண்டு. முன்னாளில் கொம்பில்லாமல் இருந்த பசுக்கள் இவ்விறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்றன என்பது தலவரலாறு. ஆக்களுக்குத் தாயாக நின்ற ஊர் ஆதலால் ஆமாத்தூர் ஆயிற்று என்பார்கள்.

பசுவுக்குக் கொம்பு உண்டு. நம் தமிழ் எழுத்துக்கும் கொம்பு உண்டு. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று முதல் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். எழுத்தின் கொம்பு ஒன்று எங்கள் வீட்டில் செய்த வேலையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் ஒரு பசுவும் வருகிறது. அதன் பெயர் கௌரி.

எங்கள் ஆயாவுக்கு வயது எழுபத்தெட்டு இருக்கும். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். பால் கணக்கை இன்றும் தம் கையாலேயே எழுதுவார். ஆனால் அவர் எழுதும் 'லை' நம்முடைய 'லை' அன்று. எழுத்தின் தலையில் யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு வளைவு இருக்கும். 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றுக்குத் துணைக்கால் போடமாட்டார். எழுத்தையே அடியில் சுழித்துவிடுவார். சிறுவயதில் நான், "ஆயா, தப்பாக எழுதுகிறாய்" என்று சொல்லிச் சிரிப்பேன். "நீதான் தப்பு. நாங்க படிச்சது இதான்" என்பார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

பெரியார் 1935-இல் தம் 'குடி அரசு' இதழிலேயே எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். அவருடைய நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1978 அக்டோபரில் தமிழக அரசு அதன் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் சுமை குறைந்தது. அப்போது என் அப்பாவுக்குப் பத்து வயது. பழைய எழுத்தில் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டுப் புதிய எழுத்துக்கு மாறிய பிள்ளைகளுள் அவரும் ஒருவர். வீட்டில் அம்மா ஒரு 'லை', பள்ளியில் வாத்தியார் ஒரு 'லை'. இரண்டும் ஒரே ஒலிதான் என்று அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா 1986-இல் இக்கல்லூரியில் சேர்ந்தார். அரசுக் கல்லூரிக் கட்டணம் பெரிதன்று என்று நாம் சொல்லலாம். ஆனால் நல்ல சட்டை இரண்டு, புத்தகம், தட்டச்சுப் பயிற்சி, பேருந்துச் செலவு என்று கூட்டிப் பார்த்தால், மழை பார்த்துப் பயிரிடும் வீட்டில் அது பெரிய தொகைதான். கொட்டகையில் இருந்த ஒரே பசு கௌரி. அதைச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றார்கள். விற்ற அன்று ஆயா சந்தைக்குப் போகவில்லை. கயிற்றைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

அவ்வளவு செய்தும் அப்பா பட்டம் பெறவில்லை. இரண்டாமாண்டு நடக்கும்போதே தாத்தா காலமானார். அப்பா படிப்பை நிறுத்திவிட்டு விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகச் சேர்ந்தார். ஈய எழுத்துகளைப் பொறுக்கியே விரல்நுனி கறுத்துப்போனவர் அவர். பிறகு ஈய எழுத்து போய்க் கணினி வந்தது. அதையும் கற்றுக்கொண்டார். திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீசு என்று இந்த வட்டாரத்தின் இன்ப துன்பங்களையெல்லாம் அவர் விரல்கள் தட்டின. 2003, 2004 ஆண்டுகளில், வேலை முடிந்த இரவுகளில், தமக்காகவும் கொஞ்சம் தட்டச்சு செய்திருக்கிறார். ஊர்க் கதை, வயல்களின் பெயர்கள், தாத்தா சொன்னவை, தம் பிள்ளைப் பருவம். இதை ஒரு குறுவட்டில் பதிந்து, உறைமேல் 'என் குறிப்புகள்' என்று எழுதி, பீரோவில் வைத்திருந்தார். 2020-இல் அவர் காலமானார். சென்ற ஆண்டு பீரோவைத் துடைக்கும்போதுதான் அது என் கைக்கு வந்தது.

ஒரு கணினிக் கடையில் கொடுத்துத் திறந்து பார்த்தேன். திரை முழுதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் எறும்புக் கூட்டம்போல ஓடின. ஒரு சொல்கூடப் பொருள் தரவில்லை. "ஃபைல் கெட்டுப் போச்சும்மா. இருபது வருஷத்து சி.டி., இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் கடைக்காரர். அன்று பேருந்தில் வரும்போது, அப்பா இரண்டாம் முறை இறந்துபோனதுபோல இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த எறும்புக் கூட்டத்தை மறுபடி பார்த்தேன். அதில் ஒரு கோலம் திரும்பத் திரும்ப வந்தது. எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பக்கத்துக்குப் பக்கம் அதுவே வந்தது. மனிதன் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடிய சொல் எது? சிறிது நேரம் சென்று மின்னல் வெட்டியதுபோலப் புலப்பட்டது. எம் என்பது அ; கே என்பது ம; அரைப்புள்ளி மெய்யின் புள்ளி; எச் என்பது துணைக்கால். ஆம், அது 'அம்மா'! கோப்பு கெடவில்லை. அதைப் படிக்கும் கண்ணாடிதான் தொலைந்திருக்கிறது!

இதன் சூட்சுமத்தை எனக்கு விளங்கியவாறு சொல்கிறேன். அந்நாளைய கணினி எழுத்துரு ஒன்றில் 256 இடங்களே உண்டு. தமிழுக்கென்று தனி இடம் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்து இருந்த இடத்திலேயே தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். கணினியின் மனத்தில் இருப்பது ஆங்கிலம்; நம் கண்ணுக்குத் தெரிவது தமிழ். எழுத்துரு கூடவே இருக்கும்வரை குறையொன்றும் இல்லை. அது இல்லாத கணினியில் முகமூடி கழன்று ஆங்கிலம் பல்லிளிக்கும். பாமினி ஒரு வரிசை, வானவில் ஒரு வரிசை, திஸ்கி ஒரு வரிசை என்று வீட்டுக்கு வீடு வாசற்படி வேறாக இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரு முறைகளையும், தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரப்படுத்தியது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம் பெற்றிருந்தது. ஆயினும் அது பரவலாகப் புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2010 ஜூனில் ஒருங்குறியையும், 16 பிட் தமிழ் அனைத்து எழுத்துரு முறையையும் ஏற்றுத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. அப்பா எழுதியது இந்த ஆணைக்கு முன்னால்.

பழைய வரிசையைப் புதிய வரிசைக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. பொங்கு தமிழ் போல, இணைய உலாவியிலேயே பழைய எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறு பெட்டியில் ஒருங்குறித் தமிழாக வார்த்துக் கொடுப்பவை உண்டு. நான் கையில் கிடைத்த ஒன்றைக் கொண்டு அப்பாவின் கோப்பை ஒட்டிப் பொத்தானை அழுத்தினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்று நாற்பது பக்கமும் தமிழாயிற்று. முதல் வரியைப் படிக்கும்போது அப்பாவின் குரலே காதில் விழுந்தது. அதற்குமேல் படிக்க என்னால் முடியவில்லை. கண்ணீர் மறைத்தது.

ஊருக்கு ஓடி ஆயாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பா, அதுல கௌரியப் பத்தி எதுனா எழுதிக்கிறானா, பாரு."

நூற்று நாற்பது பக்கத்தையும் நான் படித்துவிடவில்லை. படிக்க மனத்தில் தெம்பும் இல்லை. பருவத் தேர்வும் நெருங்கியிருந்தது. ஆனால் இந்தக் காலத்தில் படித்துத்தானா தெரிந்துகொள்ள வேண்டும்? தேடுபொறி இருக்கிறதே! கைப்பேசியில் கோப்பைத் திறந்து 'கௌரி' என்று தட்டினேன். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று பதில் வந்தது. மறுமுறை தட்டினேன். அதே பதில்.

"இல்ல ஆயா. எழுதல" என்றேன்.

"சரி, உடு. அவனுக்கு இருந்த கவலையில மாடு ஒண்ணா ஞாபகம் இருக்கும்?" என்றார். கீரைக் காம்புகளை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போனார். பசுவை விற்ற அன்றும் இப்படித்தான் உள்ளே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஆயா கேட்டது மாட்டைப் பற்றி அன்று. 'விற்றும் உன்னைப் படிக்கவைக்க முடியவில்லையே, அதற்காக என்மேல் உனக்கு வருத்தம் இருந்ததா?' என்று மகனைக் கேட்க முடியாமற் போன கேள்வி அது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அங்கே கட்டட வேலையில் இருப்பவர். அப்பாவின் கோப்பைப் பற்றிச் சொன்னதும், "சீனர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு, தெரியுமா?" என்றார். அவருடைய மேற்பார்வையாளர் தைவான் நாட்டவர். சிங்கப்பூர்ச் சீனர் எழுதும் எழுத்து அவருக்குப் பழக்கம் இல்லையாம். உலாவியில் ஒரு கருவியைச் சேர்த்துக்கொண்டு, பக்கம் முழுவதையும் தம் எழுத்துக்கு மாற்றித்தான் படிப்பாராம். சீனமொழி தெரிந்தவருக்கே சீனமொழியில் மாற்றி தேவைப்படுகிறதா என்று வியந்து, நூலகத்தில் தேடிப் படித்தேன்.

சீன மக்கள் குடியரசு 1956-இல் எழுத்து எளிமைத் திட்டத்தை வெளியிட்டது. 1964-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எளிய எழுத்துகளின் பட்டியல் வந்தது. எழுத்தறிவு பரவக் கோடுகளைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கம். 1977-இல் இன்னும் குறைக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அது மக்களிடம் நிலைக்காமல் 1986-இல் திரும்பப் பெறப்பட்டது. சிங்கப்பூர் 1969-இல் தனக்கென ஓர் எளிய பட்டியலை வெளியிட்டு, 1976-இல் சீனத்தின் பட்டியலோடு ஒன்றிவிட்டது. தைவானும் ஆங்காங்கும் மரபெழுத்தையே வைத்துக்கொண்டன. ஆக, ஒரே மொழிக்கு இரண்டு சட்டை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, உலாவியில் சேர்க்கும் தொங்வென்தாங் போன்ற கருவிகளைச் செய்திருக்கிறார்கள். சீன விக்கிப்பீடியாவில் ஒரே கட்டுரையைப் படிப்பவர் விருப்பப்படி இரு எழுத்திலும் காட்டும் ஏற்பாடு இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எளிமையாக்கும்போது, சில இடங்களில், வெவ்வேறான இரண்டு மூன்று எழுத்துகளுக்கு ஒரே எழுத்தை வைத்துவிட்டார்கள். 'வெளிப்படுத்து' என்பதற்கும் 'தலைமுடி' என்பதற்கும் ஓர் எழுத்து. 'பின்னர்' என்பதற்கும் 'அரசி' என்பதற்கும் ஓர் எழுத்து. 'முகம்' என்பதற்கும் 'மாவுணவு' என்பதற்கும் ஓர் எழுத்து. மரபிலிருந்து எளிமைக்கு மாற்றுவது வாய்க்கால் ஏரியில் விழுவது போல, தானே நடக்கும். எளிமையிலிருந்து மரபுக்கு மாற்றுவதோ ஏரித் தண்ணீரில் எது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று பிரிப்பது போல. எழுத்தை மட்டும் பார்த்து மாற்றும் கருவி 'முடி வெட்டும் கடை'யைத் தவறாக எழுதிவிடும். நல்ல கருவிகள் அதனால்தான் பக்கத்துச் சொற்களையும் பார்த்து, சொற்றொடர் அகராதியை வைத்துக்கொண்டு முடிவு செய்கின்றன.

இதைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பெருமிதமாகவே இருந்தது. நம் 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 13 எழுத்தும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. இரண்டு எழுத்து ஒன்றாகிவிடவில்லை. ஒருங்குறியிலும் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் எண் ஒன்றே. எழுத்துருவை மாற்றினால் ஆயாவின் தும்பிக்கை 'லை' தெரியும். மறுபடி மாற்றினால் என் 'லை' தெரியும். தமிழுக்கு இந்தத் தலைமுடித் தொல்லை கிடையாது என்று தோழியரிடம் பேசிக்கூடத் திரிந்தேன். அந்தப் பெருமிதம் நான்கு நாள்தான் நின்றது.

எங்கள் துறையில் வட்டார வரலாறு பற்றி ஓர் ஒப்படைப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளை எடுத்துக்கொண்டேன். 1839-இல் திருநெல்வேலியில் பிறந்து, ஊர் ஊராகப் பாடிச் சென்று, எங்கள் திருவாமாத்தூரில் மடம் நிறுவி, 1898-இல் இங்கேயே அடங்கியவர் அவர். இலட்சம் பாடல்கள் பாடியவர் என்பார்கள். 'புலவர் புராணம்' பாடியவர். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தோடு புலமை என்பதையும் சேர்த்து 'அறுவகை இலக்கணம்' கண்டவர். முருகனையே முழுமுதலாகக் கொண்ட கௌமார நெறியினர். அவருடைய மடம் கௌமார மடம்.

அப்பாவின் குறிப்பில் அந்த மடத்தைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது எனக்கு நினைவிருந்தது. மேலோட்டமாகப் புரட்டியபோது என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். எடுத்தெழுதலாம் என்று 'கௌமார' என்று தேடினேன். 'எதுவும் கிடைக்கவில்லை.' இது எப்படி முடியும்? பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். இருபத்திரண்டாம் பக்கத்தில் 'கெளமார மடம்' என்று பளிச்சென்று இருந்தது. கண் 'இருக்கிறது' என்கிறது. இயந்திரம் 'இல்லை' என்கிறது. எங்கள் ஊர் வட்டப்பாறையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் இரண்டில் எது செய்யும்?

அந்தச் சொல்லின் முதலெழுத்தை ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். உண்மை வெளிப்பட்டது. அது 'கௌ' அன்று. 'கெ'யும் 'ள'வும் ஆகிய இரண்டு எழுத்து! கொம்பு, ககரம், ளகரம். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நம் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஔகாரத்தின் வாலுக்குத் தனி விசை கிடையாது, ளகரத்தையே தட்டுவார்கள். தட்டச்சுப் பழக்கத்தையொட்டிச் செய்த பழைய எழுத்துருக்களிலும் அதுவே தொடர்ந்தது. அப்பாவும் தட்டச்சுப் பயின்றவர்தானே. கொம்பு, க, ள என்று தட்டியிருக்கிறார். தாளில் அச்சானால் குற்றமே இல்லை. மனிதர் படிக்கும்போது 'கௌமாரம்' என்றே படிப்பார். இயந்திரத்துக்கு மட்டும் அது 'கெ-ள-மாரம்'.

மாற்றிக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'கொம்பு, த, ள' என்று வந்தால் அது என்ன செய்யும்? எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் 'தெளிவு' சிதைந்து தெளிவில்லாமல் போகும். எல்லாவற்றையும் ளகரமாக விட்டால் 'கௌமாரம்' போகும். 'வெளவால்' என்பது வௌவால் என்றும், 'வெளிச்சம்' என்பது வெளிச்சம்தான் என்றும் அறிய எழுத்து தெரிந்தால் போதாது. சொல் தெரிய வேண்டும். சீனருக்குத் தலைமுடி, நமக்கு ளகரம். பிறர் வீட்டுக் குழப்பத்தைக் கண்டு சிரித்தவள் வீட்டிலும் அதே குழப்பம் இருந்தது.

இவ்வளவும் எண்ணி முடிப்பதற்குள் என் நெஞ்சு திக்கென்றது. கௌமாரம் என்றால்... கௌரி?

கை நடுங்க, 'கெ' தட்டி, 'ள' தட்டி, 'ரி' தட்டினேன்.

பதினான்கு இடங்கள்!

அன்று பிற்பகல் வகுப்புக்குப் போகாமல் நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து படித்தேன். பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். இம்முறை தேடவில்லை, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கௌரியின் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுழி, அதன் இடக்கொம்பு சற்றே உள்வாங்கி இருந்தது, பம்பையாற்று மணலில் அது படுத்துக்கொள்ளும் இடம் எல்லாவற்றையும் அப்பா எழுதியிருந்தார். விற்ற பணத்தில் வாங்கிய சட்டையைக் கல்லூரிக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு போனபோது யாரோ பின்னால் மணியோடு நடந்து வருவதுபோல இருந்ததாம். படிப்பை விட்டதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அதில் யார்மேலும் குறை இல்லை. கௌரிக்குத் தாம் கடன்பட்டுவிட்டோம் என்பதே இருந்தது.

பதினொன்றாவது இடம்தான் என்னைக் கலங்கடித்தது. அச்சகத்தில் முதல் மாதச் சம்பளம் வாங்கிய அன்று அப்பா வீட்டுக்கு வரவில்லை. கௌரியை வாங்கியவரின் ஊரைத் தேடிப் போயிருக்கிறார். அவர் வேறொருவருக்கு விற்றுவிட்டதாகச் சொல்ல, அந்த ஊருக்கு நடந்திருக்கிறார். அங்கும் இல்லை. மூன்றாவது ஊரில் இருட்டிவிட்டது. மழை வேறு. கௌரி எங்கே போயிற்று என்று சொல்ல யாரும் இல்லை. கையிலிருந்த சம்பளம் எப்படியும் ஒரு பசுவுக்குப் போதாது என்பது திரும்பி நடக்கும்போதுதான் நினைவுக்கு வந்ததாம். 'அம்மாவிடம் சொல்லவில்லை' என்று முடித்திருந்தார்.

மாலை வண்டியில் ஊருக்குப் போனேன். ஆயாவை விளக்கடியில் உட்காரவைத்து, "ஆயா, நான் அன்று சொன்னது பொய். எழுதியிருக்கிறார். பதினான்கு இடத்தில் எழுதியிருக்கிறார்" என்றேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆயா குறுக்கே பேசவே இல்லை. பதினொன்றாவதைப் படித்து முடித்ததும் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருநாள் ராத்திரி முட்டி வரைக்கும் சேறோட வந்தான். எங்கடா போனன்னு கேட்டா, 'பஸ் கிடைக்கல, நடந்து வந்தேன்'னான். நானும் நம்பிட்டேன்" என்றார். பிறகு, "இன்னொரு வாட்டி படி, பாப்பா" என்றார்.

அன்றிரவு ஆயா நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒரு ளகரத்தால் ஒரு தாய்க்கு ஒரு வாரம் பொய்யான பதிலைக் கொடுத்தேனே என்று மனம் அரித்தது. நான் அந்த நான்காம் நாள் மடத்தைப் பற்றி எழுதத் துணியாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் என்றென்றும் நிலைத்திருக்குமே! இயந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னது. நான்தான் தேடுவதையும் படிப்பதையும் ஒன்றென்று எண்ணிவிட்டேன்.

எங்கள் கோயிலில் ஒரு சோழர்காலக் கல்வெட்டு உண்டு. அபிராமேசுவரர் திருமுன் திருப்பதியம் பாடப் பார்வையற்றவர் 16 பேரை அமர்த்தி, அவர்களுக்குக் கண்காட்டுவார் 2 பேரையும் அமர்த்தி, அனைவருக்கும் நெல் அளக்க ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. கண்காட்டுவார்! என்ன அழகான வேலைப் பெயர்! பாடல் அந்தப் பதினாறு பேருடையது. வழி மட்டும் இவர்கள் காட்டினார்கள். மாற்றிக் கருவிகள் நமக்குக் கண்காட்டுவார்கள்தாம். கை பிடித்துக் கோயில் வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே நின்று பாட வேண்டியவர்கள் நாமே.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒரு குறுவட்டு இருக்கலாம். பழைய கணினி ஒன்று பரண்மேல் தூசி படிந்து கிடக்கலாம். திறந்தால் எறும்புக் கூட்டம் தெரியலாம். 'கெட்டுப்போயிற்று' என்று யார் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். எழுத்துரு எது என்று பாருங்கள். மாற்றிப் பாருங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். மாற்றியதில் ஐயம் வந்தால் அதுவே சாட்சி. மாற்றியபின் 'கௌ', 'சௌ', 'மௌ', 'வௌ' ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் வரும் பெயர்களை அறிந்த ஒருவர் வீட்டில் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து படித்துக்காட்டுங்கள். சேற்றுக் காலோடு வந்த இரவு எந்தக் கோப்பிலும் இல்லை, ஆயாவிடம்தான் இருந்தது.

இப்போது நூற்று நாற்பது பக்கத்தையும் வரிக்கு வரி திருத்திக்கொண்டிருக்கிறேன். மாலையில் பத்துப் பக்கம் படிப்பேன். ஆயா சரி பார்ப்பார். வயல்களின் பெயர்களில் நான்கு தவறுகளைக் கண்டுபிடித்துவிட்டார். திருத்திய படியை அச்சிட்டு முதல் பக்கத்தில் பெயர் எழுதும்படி பேனாவைக் கொடுத்தேன். தம் பெயரை எழுதுவார் என்று எண்ணினேன். ஆயா கையை ஊன்றிக்கொண்டு, கொம்பு போட்டு, ககரம் எழுதி, அதன்பின் வாலையும் இட்டு, நிதானமாக 'கௌரி' என்று எழுதினார்.

அதில் அந்த வால் ஔகாரத்தினுடையதா ளகரத்தினுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயாவிடம் கேட்கவும் தோன்றவில்லை.